கால் அரிப்புக்குக் களிம்பு வாங்கும் முன் செய்ய வேண்டியவை

பதினொரு மாதம் காலில் அரிப்போடு இருந்தேன். வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் கொஞ்சம் வெள்ளையாக ஊறி உரிந்ததுதான் தொடக்கம். மருந்துக்கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. களிம்பை நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்ப வந்தது, முன்பைவிட அகலமாக. மறுபடி அதே களிம்பு, மறுபடி மூன்று நாள் நிம்மதி. இப்படி ஐந்து டியூப் தீர்ந்தது. புறங்கால் முழுக்கப் பரவி, இரவுத் தூக்கம் போன பிறகு தோல் மருத்துவரிடம் போனேன். எனக்கு இருந்தது பூஞ்சைத் தொற்று. அதன் மேல் நான் மாதக்கணக்கில் தடவி வந்தது ஸ்டீராய்டு, அதாவது பூஞ்சையைக் கொல்லாமல் சிவப்பையும் அரிப்பையும் மட்டும் அடக்கும் மருந்து.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் எந்தப் படியில் எது தவறும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு இப்போதுதான் அரிப்பு தொடங்கியிருக்கிறது என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலையா?

மற்ற எதையும் படிக்கும் முன் இதைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருந்து, அந்தச் சிவப்பு மேலே ஏறிக்கொண்டே போனால், அல்லது கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தால், அது வெறும் அரிப்பு இல்லை. விரலிடுக்கில் விழுந்த சின்ன வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே போய்த் தோலுக்கு அடியில் பரவுகிறது. அன்றே போக வேண்டும். சீழ் வடிந்தாலும் அப்படித்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இல்லாதவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் வீட்டிலேயே முயன்று பார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள். உங்களுக்குச் சின்ன வெடிப்பும் பெரிய புண்ணாகலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கர்ப்பமாக இருப்பவருக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் கடுமையான அரிப்பு வந்து, இரவில் கூடி, தோலில் தடிப்பு எதுவும் தெரியாவிட்டால், அது தோல் நோயாக இல்லாமல் ஈரலில் பித்த ஓட்டம் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். இது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ரத்தத்தில் பித்த அமில அளவையும் ஈரல் செயல்பாட்டையும் பார்த்தால் தெரிந்துவிடும். களிம்பு தேடாமல் அன்றே மகப்பேறு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

2. எங்கே அரிக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்

காலைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். இடமும் தோற்றமும் சேர்ந்து பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

விரலிடுக்கில், குறிப்பாக நான்காவது ஐந்தாவது விரல்களுக்கு நடுவில், தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, வெடித்து, நாற்றமும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. நாம் சேற்றுப்புண் என்று சொல்வது இதைத்தான். சேற்றில் கால் வைக்காதவர்களுக்கும் வரும். காற்று புகாத காலணியும் வியர்வையும் போதும். இதே இடத்தில் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றும் வரும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் மருந்து வேறு.

உள்ளங்கால் முழுக்க, குதிகாலின் ஓரம் வரை, வறண்டு, தடித்து, தோல் ரேகைகளில் மாவு தூவியதுபோல் செதில் இருந்தால் கவனியுங்கள். வெறும் வறட்சி என்று வருடக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு இருப்பவர்களில் பலருக்கு இருப்பது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. இதில் ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு: இரண்டு பாதங்களிலும் ஒரே ஒரு உள்ளங்கையிலும் செதில் இருக்கும். மருத்துவர் கையைக் காட்டச் சொல்வது அதற்காகத்தான். எனக்கு வலது உள்ளங்கை சொரசொரப்பாக இருந்ததை நான் காலோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

செதில் தடித்த பட்டையாக, ஓரம் தெளிவாக, அதே மாதிரி முழங்கை, முழங்கால், தலையிலும் இருந்தால் சொரியாசிஸ் என்று சந்தேகிக்கலாம். கைநகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் தோலுக்குள் புதைந்த சின்ன மணிகள் போல நீர்க்கொப்புளங்கள் திடீரென்று கிளம்பி, தாங்க முடியாமல் அரித்து, இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உரிந்தால், அது பெரும்பாலும் பாம்ஃபாலிக்ஸ் என்ற கரப்பான் (எக்ஸிமா) வகை. கையிலும் சேர்ந்து வரும். பூஞ்சையும் சில நேரம் கொப்புளமாகக் கிளம்பும், பாதத்தின் உட்குழிவான இடத்தில் அதிகம். ஒரு காலில் மட்டும் என்றால் பூஞ்சையை முதலில் சந்தேகியுங்கள். இரு காலிலும் ஒரே மாதிரி என்றால் கரப்பான் பக்கம் சாயலாம். இது முழு உறுதியான விதி இல்லை, ஆனால் நல்ல தொடக்கம்.

புறங்காலில், செருப்பு வாரோ ஷூவின் மேல்பகுதியோ படும் இடத்தில் மட்டும் சிவந்து அரித்து, விரலிடுக்கு சுத்தமாக இருந்தால் காலணி ஒவ்வாமை. தோலைப் பதப்படுத்தும் குரோமியம், ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள், ஒட்டும் பசை ஆகிய மூன்றும்தான் முக்கியக் காரணிகள். புதுச் செருப்பு வாங்கியவுடன் வரும் என்று நினைக்காதீர்கள், மாதக்கணக்கில் போட்ட பிறகும் ஒவ்வாமை உருவாகும்.

கணுக்காலில் ஒரே இடத்தைச் சொறிந்து சொறிந்து அந்தத் தோல் கறுத்து, தடித்து, கோடு கோடாக ஆகியிருந்தால், அரிப்பும் சொறிதலும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் அது. கணுக்காலின் உட்பக்கம் பழுப்பாகி, மாலையில் கால் வீங்கி, நரம்பு சுருண்டு புடைத்திருந்தால் காரணம் தோலில் இல்லை, ரத்தக் குழாயில்.

தோலுக்கடியில் சிவப்புக் கோடு ஒன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீண்டால், மண்ணிலோ மணலிலோ வெறுங்காலோடு நடந்தபோது நாய், பூனைகளின் கொக்கிப்புழுக் குஞ்சு ஏறியிருக்கிறது. இதற்குக் களிம்பைவிட மாத்திரை நன்றாகக் கேட்கும், மருத்துவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

இரவில் உடம்பு முழுக்க அரித்து, கைவிரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பிலும் சின்னப் பருக்கள் இருந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால், அது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சியால் வரும் சிரங்கு (ஸ்கேபிஸ்). கைக்குழந்தைகளுக்கு இது உள்ளங்காலிலேயே வரும்.

கடைசியாக, தோல் பார்க்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் அரிக்கிறது என்றால் களிம்பு எதுவும் வேண்டாம். சர்க்கரையால் நரம்பு பாதிப்பு, சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று காரணம் உள்ளே இருக்கலாம். ரத்தப் பரிசோதனைதான் அதற்கு வழி.

3. கையில் இருக்கும் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நான் செய்யாமல் விட்ட படி இது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டியூபில் பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைப் பெயர். அதை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று ‘சோன்’ என முடியும் பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. குளோபெட்டாசால் அப்படி முடியாது, ஆனால் அதுவும் ஸ்டீராய்டுதான், அதுவும் மிக வலுவானது. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் கலந்து விற்பது உண்டு. எதுவாக இருந்தாலும் ஒன்று கேட்டுவிடும் என்ற நினைப்பில் வாங்குகிறோம்.

அது ஏன் தவறு? தோல் சிவப்பதும் அரிப்பதும் உடம்பு பூஞ்சையோடு சண்டை போடுவதால். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும், குணமாகிவிட்டது என்று தோன்றும். எதிர்ப்பார் இல்லாத பூஞ்சை அந்த நேரத்தில் பரவிக்கொண்டே போகும். அப்புறம் அதன் வழக்கமான வட்ட ஓரமும் செதிலும் அழிந்துபோய், மருத்துவருக்கே அடையாளம் தெரியாத உருவத்துக்கு மாறிவிடும். நீண்ட நாள் போட்டால் தோல் மெலியும், எளிதில் கிழியும்.

இப்போதே அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்களா? பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நிறுத்தியவுடன் சில நாள் சிவப்பும் அரிப்பும் அதிகமாகும். அந்த நேரத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் தோற்று, டியூபை மறுபடி எடுத்தேன். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து, பத்து நிமிடம் போட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு காலை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

சுடுதண்ணீர் ஊற்றினால் சில நிமிடம் சுகமாக இருக்கும், அரை மணியில் இரண்டு மடங்காக அரிக்கும். பூண்டு அரைத்துக் கட்டுவது, பிளீச்சிங் கரைசலில் காலை வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் தோலை நிஜமாகவே வெந்துபோக வைக்கும். வேண்டவே வேண்டாம்.

4. மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டியவை

தோல் மருத்துவர் உங்களைப் பார்க்கும் நேரம் சில நிமிடங்கள்தான். கையில் எல்லாம் இருந்தால் அது போதும்.

முதலாவது, இதுவரை போட்ட எல்லா டியூபும், தீர்ந்தவை உட்பட. டியூப் இல்லையென்றால் அட்டைப்பெட்டி, அதுவும் இல்லையென்றால் பின்பக்கத்தின் படம். ‘வெள்ளை நிறக் களிம்பு’ என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. இரண்டாவது, பழைய மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள். மூன்றாவது, நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். காலுக்கும் கொழுப்பு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகள் சில கொழுப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. இதயம் பலவீனமானவர்களும் இட்ராகோனசோலைத் தவிர்க்க வேண்டும்.

அப்புறம் படங்கள். அரிப்பும் கொப்புளமும் வந்து வந்து போகும், நீங்கள் போகும் நாளில் பார்த்து நன்றாக இருக்கும். வாரம் ஒரு முறை, அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எப்போது தொடங்கியது, எந்தக் களிம்பு எத்தனை நாள், நிறுத்தியபின் என்ன ஆனது என்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள். காலணி மேல் சந்தேகம் இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். காப்பீடு வைத்திருப்பவர்கள், ஒவ்வாமைப் பரிசோதனைக்கு முன்னனுமதி தேவையா என்று போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நகச்சாயம் பூசியிருந்தால் அழித்துவிட்டுப் போங்கள். நகத்தில் பூஞ்சை இருந்தால் அதுதான் திரும்பத் திரும்ப வரும் தொற்றின் ஊற்று.

5. பரிசோதனைகள், அவற்றின் பொறிகள்

முக்கியமானது தோல் சுரண்டல் பரிசோதனை. செதிலின் ஓரத்தை மழுங்கிய பிளேடால் மெல்லச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலி இல்லை, முடிவு பெரும்பாலும் அன்றே வரும். எந்தப் பூஞ்சை என்று தெரிய வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் நான்கு வாரம் வரை ஆகும்.

பொறி இதுதான்: பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டே போனால், பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் காகிதத்தை நம்பி இன்னும் இரண்டு மாதம் தவறான மருந்து போட்டேன். அதனால் நேரம் குறிக்கும்போதே, எத்தனை நாள் முன்னால் களிம்பை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமாக இரண்டு வாரம் சொல்வார்கள். ‘இல்லை’ என்று வந்தும் மருந்து கேட்கவில்லை என்றால், இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை இருட்டில் காலில் காட்டுவது இன்னொரு எளிய சோதனை. எரித்ராஸ்மா பவளச் சிவப்பாக ஒளிரும். போவதற்கு முன் அந்த இடத்தைக் கழுவிவிட்டால் அந்த நிறம் தெரியாமல் போகலாம்.

காலணி ஒவ்வாமைக்கு, சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் பரிசோதனை. இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்: முதல் நாள் ஒட்டுவார்கள், 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், 96 மணி நேரத்தையொட்டி மறுபடி பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் மூன்று முறை போக வேண்டும். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டால் சோதனை பாதி வீண், ஏனென்றால் சில பொருட்களுக்கு எதிர்வினை தாமதமாகத்தான் தெரியும்.

6. பூஞ்சை என்று உறுதியானால்

விரலிடுக்கோடு நிற்கும் பூஞ்சைக்குக் களிம்பே போதும். டெர்பினாஃபைன் 1 சதவீதக் களிம்பு என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம். குளோட்ரிமசோல் என்றால் தினம் இரண்டு முறை, நான்கு வாரம். எதற்கு எத்தனை நாள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரிப்பு சில நாளில் நின்றுவிடும், பூஞ்சை நிற்காது. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இது. தோல் சரியான பிறகும் இன்னும் ஒரு வாரமாவது போடச் சொல்வார்கள். சிவப்பு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலிலும் தடவுங்கள்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு யாரும் சொல்லவில்லை. டியூபிலிருந்து உங்கள் சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிழிந்தால் ஏறக்குறைய அரை கிராம். ஒரு பாதம் முழுவதற்கும் அப்படி இரண்டு கோடு வேண்டும், அதாவது 1 கிராம். இரண்டு பாதம், தினம் இரண்டு முறை என்றால் நாளுக்கு 4 கிராம். 15 கிராம் டியூப் நான்கு நாள்கூட முழுசாக வராது. நான்கு வாரத்துக்கு 112 கிராம் தேவை. ஒரே ஒரு 15 கிராம் டியூபை மாதம் முழுக்க மிச்சம் பிடித்துத் தடவிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று நான் சொல்லிக்கொண்டு இருந்தேன். விரலிடுக்குக்கு மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை, ஒரு காலுக்கு ஒரு விரல்நுனி அளவே தாராளம்.

உள்ளங்கால் முழுக்கப் பரவியது, நகத்துக்குப் போனது, ஸ்டீராய்டு போட்டு உருமாறியது ஆகியவற்றுக்கு மாத்திரை தேவைப்படும். பெரியவர்களுக்கு வழக்கமாக டெர்பினாஃபைன் 250 மி.கி. தினம் ஒன்று, பாதத்துக்கு இரண்டு முதல் ஆறு வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். தொடங்கும் முன் ஈரல் பரிசோதனை கேட்பார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், வாந்தி தொடர்ந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். கீட்டோகோனசோலைக் களிம்பாகப் போடலாம், மாத்திரையாக வேண்டாம்: தோல், நகப் பூஞ்சைக்கு அந்த மாத்திரையைப் பயன்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-இல் எச்சரித்தது, ஈரல் கெடும் ஆபத்தால். யாராவது பழைய சீட்டைப் பார்த்து அதைக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

டெர்பினாஃபைனுக்கு அடங்காத பூஞ்சை வகைகள் இப்போது பரவியிருக்கின்றன. ஒழுங்காகப் போட்டும், சாப்பிட்டும் குறையவில்லை என்றால் நீங்களே அளவைக் கூட்டாமல் திரும்பப் போங்கள். வளர்ப்புச் சோதனை அப்போதுதான் தன் மதிப்பைக் காட்டும்.

எரித்ராஸ்மா என்றால் பாக்டீரியா மருந்து. பூச்சாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள்.

7. கரப்பான், ஒவ்வாமை, வறட்சி என்றால்

நான் திட்டிய ஸ்டீராய்டுதான் கரப்பானுக்கும் ஒவ்வாமைக்கும் சரியான மருந்து. பூஞ்சை இல்லை என்று தெரிந்த பிறகு, மருத்துவர் சொன்ன வலுவில், சொன்ன நாள் வரை போடும்போது அது நல்ல மருந்து. உள்ளங்கால் தோல் தடிப்பானது என்பதால் வலுவான வகையையே கொடுப்பார்கள், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு. அதே டியூபைப் பிறகு முகத்திலோ தொடையிடுக்கிலோ தடவக்கூடாது, குழந்தைக்கும் போடக்கூடாது.

நீர் கசியும் கட்டத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் பத்து, பதினைந்து நிமிடம் காலை வைக்கச் சொல்லலாம். 400 மி.கி. மாத்திரை ஒன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர். வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கத்தரிப்பூ நிறம் வந்தால் அது மிக அதிகம், தோல் புண்ணாகும். கரையாத துகள் ஒன்று காலில் பட்டாலும் சுடும். நகமும் வாளியும் பழுப்பாகக் கறைபடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கசிவு நின்றபின் ஈரப்பசைக் களிம்பு. குளித்துத் துடைத்த சில நிமிடத்துக்குள் தடவ வேண்டும். தடித்த குதிகாலுக்கு யூரியா 10 சதவீதம் உள்ளது நன்றாக வேலை செய்யும், ஆனால் வெடிப்பில் பட்டால் எரியும். விரலிடுக்கில் மட்டும் ஈரப்பசைக் களிம்பு எதையும் பூசாதீர்கள், அங்கே ஈரம்தான் எதிரி.

காலணி ஒவ்வாமைக்கு அந்தக் காலணியை விடுவதைத் தவிர வேறு நிரந்தரத் தீர்வு இல்லை. எந்தப் பொருள் என்று பேட்ச் பரிசோதனையில் தெரிந்தால், அது இல்லாத காலணியைத் தேடி வாங்கலாம். நியோமைசின் கலந்த பாக்டீரியா களிம்பே பலருக்கு ஒவ்வாமை தரும். போடப் போட அதிகமாகும் அரிப்பென்றால் களிம்பையே சந்தேகியுங்கள்.

வெரிகோஸால், அதாவது காலில் சுருண்டு புடைத்த ரத்தக் குழாயால், வரும் அரிப்புக்குக் காலை உயர்த்தி வைப்பதும் இறுக்கமான காலுறையும் வேண்டும். அந்தக் காலுறையை அளவு பார்த்து, காலின் ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகே போட வேண்டும், சும்மா வாங்கி மாட்டக்கூடாது.

8. சிரங்கு என்றால்

பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை, நகத்துக்கு அடியிலும் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் உள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், அதே நாளில். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு வரவே சில வாரங்கள் ஆகும் என்பதால்தான் இது. துணி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டிக் குறைந்தது மூன்று நாள் வையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். அதைப் பார்த்துக் களிம்பைத் திரும்பத் திரும்பப் பூசித் தோலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. செலவை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

நான் அதிகம் செலவழித்தது பயனில்லாத டியூபுகளுக்குத்தான். ஐந்து டியூபின் விலையில் ஒரு மருத்துவர் கட்டணமும் சுரண்டல் பரிசோதனையும் முடிந்திருக்கும். அந்தப் பரிசோதனை இருப்பதிலேயே மலிவானவற்றில் ஒன்று. வளர்ப்புச் சோதனை அதைவிடக் கூடுதல், பேட்ச் பரிசோதனை எல்லாவற்றையும்விட அதிகம். ஆகவே முன்னதிலிருந்து தொடங்குவதே முறை, மருத்துவரும் அப்படித்தான் போவார்.

குளோட்ரிமசோல், டெர்பினாஃபைன் போன்றவை காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். சீட்டில் மருந்துப் பெயரை எழுதித் தரச் சொன்னால் விலை குறைந்த தயாரிப்பை வாங்கலாம், வேலை ஒன்றுதான். ஆனால் மருந்துக்கடையில் ‘இதுக்குப் பதிலா இது’ என்று மாற்றித் தந்தால், பின்பக்கத்தில் அதே ஒரு மருந்து மட்டும்தானா என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பூஞ்சை சோப்பு, பூஞ்சை ஷாம்பு, வாசனைக் கால் ஸ்பிரே இவற்றில் பணம் போடாதீர்கள். நாள் கணக்கில் சிக்கனம் வேண்டாம். பாதியில் நிறுத்தினால் மொத்தச் செலவும் முதலிலிருந்து வரும்.

10. கால், காலுறை, காலணி, துண்டு

குளித்தபின் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துடையுங்கள். காலுக்குத் தனித் துண்டு. பூஞ்சை இருக்கும்போது உள்ளாடைக்கு முன் காலுறையைப் போடுங்கள், இல்லையென்றால் உள்ளாடை பாதத்தில் உரசி மேலே ஏறி, தொடையிடுக்கில் படர்தாமரை வரும். காலுறையைத் தினம் மாற்றி, துணி தாங்கினால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். ஒரே ஷூவைத் தொடர்ந்து இரண்டு நாள் போடாமல், ஒரு முழு நாளாவது காய விடுங்கள். பொதுக் குளியலறையிலும் நீச்சல் குளத்தின் ஓரத்திலும் செருப்போடு நடங்கள்.

வீட்டில் இருப்பவர்களின் கால்களையும் ஒருநாள் பாருங்கள். நான் குணமாகி மூன்றாவது மாதம் மறுபடி வந்தது. காரணம் தேடியபோது, என் அம்மாவின் குதிகாலில் பல வருடமாக இருந்த ‘வறட்சி’யும் பூஞ்சைதான் என்று தெரிந்தது. இருவரும் சேர்ந்து மருந்து எடுத்த பிறகு இதுவரை வரவில்லை.

11. எத்தனை நாளில் என்ன எதிர்பார்க்கலாம்

சரியான மருந்து என்றால் பூஞ்சையில் முதல் வாரத்திலேயே அரிப்பு குறையும், தோல் சீராக நான்கு வாரம் ஆகும். பாம்ஃபாலிக்ஸ் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும், ஆனால் வியர்வையும் மனஅழுத்தமும் கூடும்போது மறுபடி தலைகாட்டும். காலணியை மாற்றிய பிறகு ஒவ்வாமை அடங்கச் சில வாரங்கள் எடுக்கும். கால்நகம் முழுசாகப் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். 12 வார மாத்திரை முடிந்ததும் நகம் இன்னும் மஞ்சளாக இருப்பது தோல்வி இல்லை, அடியிலிருந்து நல்ல நகம் ஏறி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காக மருந்து போட்டும் கொஞ்சம்கூட மாற்றம் இல்லை என்றால் திரும்பப் போகும் நாள் அது. போகும்போது தேதி போட்ட படங்களையும், அதுவரை தீர்ந்த டியூபுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.